வாடகைக்கு எடுத்த வாக்களிப்பு மெஷின்: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத் தேர்தலுக்கு இந்த முறை கொழும்பில் இருந்து இலத்திரனியல் வாக்களிப்பு இயந்திரம் வாடகைக்கு எடுத்தோம். தொடுதிரை டெப் மூன்று, ஒரு லப்டொப், சின்ன ரூட்டர் ஒன்று, அவற்றை இயக்க ஒரு தம்பி. நாள் வாடகை 55,000 ரூபாய், வேன் செலவு தனி. பணம் சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் அனுப்பியது. தேர்தல் அலுவலராக என்னைப் போட்டிருந்தார்கள். பெறுபேற்றில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்தான்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. வேறு ஆட்களும் இதே சேவையைக் கொடுக்கிறார்கள், நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு இடத்துக்கு மட்டும் உரியதல்ல. தேர்தல் முடிந்த பிறகு என்னிடமே இரண்டு சங்கத்தார் "ரீச்சர், அந்த மெஷின் எப்படி, எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒன்று களுவாஞ்சிகுடிப் பக்கம், மற்றது கல்முனை. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

1994 இல் இருந்து 2020 ஆகஸ்ட் பாராளுமன்றத் தேர்தல் வரை தேர்தல் கடமை செய்திருக்கிறேன். கடைசிக் காலத்தில் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர். 2019 ஜனாதிபதித் தேர்தலில் 35 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டு 26 அங்குல நீளம். கண் தெரியாத ஆச்சிமார் அதை விரித்து, சின்னத்தைத் தேடி, புள்ளடி போட்டு, திரும்ப மடிக்கப் பட்ட பாட்டை அன்று முழுக்கப் பார்த்தேன். 2024 இல் சீட்டு 27 அங்குலம் ஆகிவிட்டது. இதற்கு ஒரு மெஷின் வராதா என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் சங்கத்துக்கு மெஷின் வருகிறது என்றதும் சந்தோஷப்பட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேட்பாளரின் படமும் பெயரும் பெரிய எழுத்தில் திரையில் வருகிறது. தமிழ் எழுத்து உடையவில்லை. தெரிவு செய்த பிறகு "இவரைத்தானா?" என்று ஒருமுறை கேட்கிறது, பிழையாகத் தொட்டிருந்தால் திருத்தலாம். போன தேர்தலில் காகிதத்தில் 27 வாக்குகளை நிராகரித்தோம், இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டது, பெயரை எழுதி வைத்தது என்று. இந்த முறை நிராகரிப்பு ஒன்றும் இல்லை. வரிசையும் வேகமாக நகர்ந்தது. கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்துக்குள் நிற்கவே முடியாத வெக்கை. அதற்குள் வயதானவர்கள் பத்து நிமிடத்தில் வோட் போட்டுவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார முடிந்தது. இது பெரிய விடயம். சில மீனவ அண்ணன்மாரின் காய்த்த விரலைத்தான் திரை ஏற்கவில்லை, துடைத்துவிட்டு இரண்டு மூன்று தரம் தொடவேண்டி வந்தது.

இரண்டு நட்சத்திரம் இவற்றுக்குத்தான். இனி மற்ற மூன்றும் போன கதை.

அரச தேர்தலில் காலை 7 மணிக்கு முதல் நாங்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. வாக்குப்பெட்டியைத் திறந்து, கவிழ்த்து, வேட்பாளர்களின் முகவர்கள் எல்லாருக்கும் காட்டுவோம். வெறும் பெட்டி. பிறகு மூடி, முத்திரை வைப்போம், முகவர்களும் விரும்பினால் தங்கள் முத்திரையை வைக்கலாம். பள்ளிக்கூடம் போகாத ஒருவர் முகவராக வந்திருந்தாலும் அந்தப் பெட்டி வெறுமை என்பது அவருக்குத் தெரியும். கண்ணால் பார்த்திருக்கிறார்.

எங்கள் தேர்தலில் 7:50 க்கு தம்பி லப்டொப்பைத் திருப்பி "ரீச்சர், எல்லாம் பூச்சியம்" என்று காட்டினார். எல்லாருக்கும் பூச்சியம். முகவர்கள் பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் பதிந்துகொண்டேன். பூச்சியம் என்று திரை சொல்வதும் பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பதும் ஒன்றா என்ற கேள்வி அந்த நேரம் எனக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

பின்னேரம் 3 மணிக்கு வாக்களிப்பை முடித்தோம். எங்கள் இடாப்பில் அடையாளமிட்ட பெயர்கள் 418. இரண்டு தரம் எண்ணினோம், 418 தான். தம்பி பட்டனை அழுத்தினார், நாலு செக்கனில் பெறுபேறு. செயலாளர் பதவிக்கு ஒருவருக்கு 212, மற்றவருக்கு 209. கூட்டினால் 421.

மூன்று வாக்கு கூட. வெற்றி வித்தியாசமும் மூன்று.

தம்பி பதறவில்லை. லப்டொப்பில் வேறொரு பக்கத்தைத் திறந்தார். நீளமான பட்டியல் ஒன்று வந்தது. "ரீச்சர், இது காலையில நான் மூணாவது டெப்ல போட்டுப் பார்த்த டெஸ்ட் வோட். அந்த நேரம் வைஃபை கிடைக்கல்ல, பிறகுதான் வந்து சேர்ந்திருக்கு. இங்க பாருங்க, 7:41, 7:42, 7:44. எட்டு மணிக்கு முதல்." சொல்லிக்கொண்டே மூன்று வரிகளையும் தெரிவு செய்து நீக்கினார். பத்துச் செக்கன் இருக்கும். இப்போது 211, 207. கூட்டினால் 418. மண்டபத்தில் இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள்.

"சரி, கணக்குச் சரிதானே ரீச்சர், கையெழுத்த வைங்க" என்றார் தலைவர்.

நான் பேனையை எடுக்கவில்லை. அந்த மூன்றாவது டெப்பின் மூலையில் இருந்த மணிக்கூடு இருபது நிமிடம் பிந்தி ஓடுவதை மத்தியானம் கண்டிருந்தேன். என் கைக்கடிகாரம் 12:25 காட்டியபோது அதில் 12:05. காலையிலும் அப்படித்தான் ஓடியிருந்தால் அந்த 7:41 உண்மையில் 8:01. வாக்களிப்புத் தொடங்கி ஒரு நிமிடம். முதல் வரிசையில் நின்றவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும், அதில் ஒருவர் எங்களுக்கெல்லாம் கணிதம் படிப்பித்த சேர், தடி ஊன்றி வந்தவர். அவருடைய வாக்கையா நீக்கினோம்? சோதனை வாக்குகள் என்பதற்குத் தம்பியின் வாய்ச்சொல் தவிர ஒன்றும் இல்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. நல்ல பிள்ளை, மத்தியானம் சாப்பிடாமல் வேலை செய்தவர். ஆனால் அவர் நேர்மையானவரா என்பதில் தங்கியிருக்கிற தேர்தலை நான் எப்படி உறுதிப்படுத்துவது?

செயலாளர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்ற தம்பி, அவரும் என் மாணவர்தான், சத்தம் போடவில்லை. கிட்ட வந்து கேட்டார்: "ரீச்சர், நீங்க எண்ணினீங்களா?"

இல்லை என்றேன். திரும்ப எண்ணலாமா என்று மெஷின் தம்பியிடம் கேட்டேன். திரும்பவும் அதே பட்டனை அழுத்தினார். திரும்பவும் 211, 207. அது எண்ணுதல் அல்ல, சொன்னதையே இன்னொரு தரம் சொல்வது.

அதைவிட மோசமான ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் நேரமும் எந்த டெப் என்பதும் இருந்தது, பக்கத்தில் யாருக்கு வாக்கு என்பதும் இருந்தது. எங்கள் எழுதுவினைஞரோ வந்தவர்களை வரிசையாக இலக்கமிட்டு எழுதியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யார் யாருக்குப் போட்டார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. தம்பி பட்டியலைக் கீழே இழுத்தபோது பின்னால் நின்ற ஒருவர் "10:31... அது டொக்டர் வந்த நேரமெல்லோ" என்றார். அந்த இடத்திலேயே லப்டொப்பின் மூடியை நான் கையால் மூடினேன். சின்ன ஊர். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது வெளியே போனால் கல்யாண வீட்டில், செத்த வீட்டில் முகம் பார்க்க முடியாமல் போகும். சண்டைக் காலத்தில் வாக்களிக்கப் போவதற்கே பயந்த சனம் நாங்கள். வாக்கின் இரகசியம் எங்களுக்குப் புத்தகத்தில் படித்த விடயம் அல்ல.

அன்றிரவு நித்திரை வரவில்லை. மகனிடம் கேட்டு, வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று நாலைந்து நாள் தேடிப் படித்தேன். எங்கள் சின்ன மண்டபத்தில் நடந்தது பெரிய நாடுகளிலும் நடந்திருக்கிறது.

பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற இடத்தில் 2003 மே தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்கு கூடுதலாக விழுந்தது. கட்சிப் பட்டியலுக்குள் தனி வேட்பாளருக்குப் போடும் விருப்பு வாக்கு முறை எங்களுக்கும் பழக்கம் என்பதால் இது உடனே விளங்கும்: அவருடைய பட்டியலுக்குக் கிடைக்கக்கூடியதைவிட அவருக்கு விருப்பு வாக்குக் கூட வந்துவிட்டது. நடக்கவே முடியாத எண் என்பதால்தான் பிடிபட்டது. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு தரம் பெருக்கினால் வரும் எண். கணினியின் நினைவகத்தில் பூச்சியமாக இருந்த ஒரே ஒரு இடம் ஒன்றாகப் புரண்டால் அப்படிக் கூடும். ஆராய்ந்தவர்கள் சொன்ன விளக்கம் அதுதான். யாரும் களவு செய்யவில்லை. அந்த எண் நம்பக்கூடிய ஒன்றாக இருந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? எங்கள் 421 ஐக்கூட இடாப்பு இருந்ததால்தான் பிடித்தோம்.

நெதர்லாந்தில் 2006 இல் ரொப் கொங்ரைப் என்பவரும் அவருடைய குழுவும் அங்கே பாவித்த நெடாப் இயந்திரத்தின் சிப்பை மாற்றி அதில் சதுரங்கம் விளையாடிக் காட்டினார்கள். வாக்கை எண்ணுவதற்கு மட்டும் செய்த பெட்டி, வேறு எதுவும் செய்யாது என்று சொல்லப்பட்டிருந்தது. அதைவிட எனக்குத் தைத்தது வேறு. அந்தத் திரையில் இருந்து கசிகிற வானொலி அலையை வெளியே நின்று பிடித்து, ஒரு கட்சியின் பெயரில் மேலே குறியிட்ட ஒரு எழுத்து இருப்பதை வைத்தே, ஒருவர் அந்தக் கட்சிக்கு வாக்களித்தாரா என்று சொல்லிவிட்டார்கள். 2008 இல் அந்த நாடு காகிதத்துக்கே போய்விட்டது. ஜெர்மனியில் அதே இயந்திரத்தை எதிர்த்துத் தந்தையும் மகனுமாக வழக்குப் போட்டார்கள். 2009 மார்ச்சில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது: தேர்தலின் முக்கியமான ஒவ்வொரு கட்டத்தையும், பெறுபேறு எப்படி வந்தது என்பதையும், தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரண குடிமகனும் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். அந்த இயந்திரத்தைப் பாவித்த 2005 தேர்தலில் மோசடி நடந்தது என்று நீதிமன்றம் சொல்லவில்லை, அந்தப் பெறுபேற்றை ரத்துச் செய்யவும் இல்லை. சரிபார்க்க வழி இல்லை என்பதே போதும் என்றது. என் மாணவர் கேட்ட அதே கேள்வி.

"இந்தியாவில் அவ்வளவு சனம் மெஷினில்தானே போடுகிறது" என்று சங்கத்தில் பலர் சொன்னார்கள். போடுகிறார்கள்தான். ஆனால் எங்களுக்கு வந்த பொருளும் அந்தப் பொருளும் வேறு வேறு. இந்திய இயந்திரத்தில் வைஃபை இல்லை, இணையம் இல்லை. அலுவலரிடம் இருப்பது கட்டுப்பாட்டுப் பெட்டி, வாக்காளர் அழுத்துவது பட்டன் பெட்டி, இடையில் ஐந்து மீற்றர் வயர். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருக்கிற இரண்டு அரச நிறுவனங்கள்தான் செய்கின்றன. காலையில் முகவர்களுக்கு முன்னால் ஐம்பது வாக்காவது மாதிரிக்குப் போட்டு, எண்ணி, அழித்து, அதற்குக் கையெழுத்து வாங்குகிறார்கள். எங்கள் தம்பி தனியே நின்று போட்டுப் பார்த்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

அதற்கும் வரலாறு உண்டு. 1982 இல் கேரளாவின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில்தான் முதல் தரம் பாவித்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984 இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குகளை ஏற்க மறுத்து, அங்கே காகிதத்தில் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. பெறுபேறும் மாறியது. 2010 இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன் என்ற கணினி ஆய்வாளர்களும் முன்னே சொன்ன கொங்ரைப்பும் சேர்ந்து ஒரு இந்திய இயந்திரத்தைத் திறந்து, எண் காட்டும் பலகையை மாற்றி வைத்தால் பொய் எண் காட்டும் என்றும், நினைவகச் சிப்பில் கிளிப் போன்ற ஒன்றை மாட்டி வாக்கை மாற்றலாம் என்றும் செய்து காட்டினார்கள். பெட்டிகளுக்கு முத்திரையும் காவலும் இருக்கிறது, அப்படி யாரும் எடுத்துத் திறக்க முடியாது என்பது தேர்தல் ஆணையத்தின் பதில். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் 2013 இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு எல்லா இடத்திலும் படிப்படியாகச் சேர்த்தார்களே, அந்தச் சீட்டு, அதுதான் எனக்கு முக்கியம். பட்டனை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு துண்டு அச்சாகி வரும். பெயரும் சின்னமும் ஏழு செக்கன் தெரியும். பிறகு அறுந்து மூடிய பெட்டிக்குள் விழும். வாக்காளர் தன் வாக்கைக் கண்ணால் பார்க்கிறார், ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோகவிட்டால் காசு கொடுத்தவர் சீட்டைக் காட்டு என்று கேட்பார். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து இயந்திரத்தின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் எண்ணச் சொல்லிப் போட்ட வழக்கை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஐந்து காணுமா என்று அங்கே இன்னும் வாதாடுகிறார்கள். எங்களுக்கு 418 வாக்கு, நாங்கள் முழுவதையும் எண்ணலாம்.

காகிதம் புனிதமானது என்று சொல்ல வரவில்லை. ஆள்மாறாட்டமும் கள்ள வோட்டும் பெட்டிக்குள் கட்டாகச் சீட்டுத் திணிப்பதும் எங்கள் கிழக்கு மாகாணத்துக்குப் புதிது அல்ல. ஆனால் காகிதத்தில் முன்னூறு வாக்கைக் களவெடுக்கப் பல பேர் சேர வேண்டும், ஆள் பார்ப்பான், தடயம் கிடக்கும். மட்டக்களப்பு இந்துக் கல்லூரி வாக்கெண்ணும் நிலையத்தில் விடிய விடிய முகவர்கள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, கட்டுக் கட்டாகப் பிரித்து எண்ணுவார்கள். 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாட்டிலேயே முதல் தரம் இரண்டாம், மூன்றாம் விருப்பங்களை எண்ணவேண்டி வந்தபோதும் அந்தச் சீட்டுகள் இருந்தன, எடுத்து எண்ணினார்கள். லப்டொப்பில் ஒரு பையன் பத்துச் செக்கனில் மூன்று வரியை நீக்கினான், நாங்கள் பதினைந்து பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம், என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு மணித்தியாலம் வாக்குவாதம். "ரீச்சர் வெளிநாட்டுக் காச வீணாக்கிறா" என்றும் சொன்னார்கள். கடைசியில் செயற்குழு ஒத்துக்கொண்டது. இரண்டு கிழமை கழித்துக் காகிதத்தில் மறுதேர்தல். கல்முனையில் ஒரு அச்சகத்தில் 600 சீட்டு, அடிக்கட்டையும் இலக்கமும் போட்டு 7,500 ரூபாய். பலகைப் பெட்டி பாடசாலையில் இருந்தது. 431 பேர் வந்தார்கள், முந்தியதைவிடக் கூட. எண்ண ஒன்றே முக்கால் மணித்தியாலம், நிராகரித்தது 9. செயலாளர் பதவிக்கு 213, 209. முதலில் தோற்ற அதே தம்பிதான் திரும்பவும் தோற்றார். இரண்டு பேருடைய சீட்டுக் கட்டையும் அவர் கையிலேயே கொடுத்தேன். மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினார், சந்தேகமான இரண்டு புள்ளடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அடுக்கித் திருப்பித் தந்துவிட்டு, வென்றவரிடம் போய்க் கை கொடுத்தார்.

இந்தச் சேவையை எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, வாக்காளர் பார்க்கும்படி சீட்டு அச்சாகிறதா, அந்தச் சீட்டைப் பெட்டியில் வைத்து எண்ண முடியுமா என்பது. இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இருந்தால், வாக்கோடு சேர்த்து நேரத்தைப் பதியக்கூடாது, வாக்களிப்புத் தொடங்கிய பிறகு எவராலும் ஒரு வரியையும் நீக்க முடியக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். மாதிரி வாக்கை எல்லா டெப்பிலும் முகவர்களுக்கு முன்னால் போட்டு எண்ணிப் பாருங்கள். டெப்பின் பக்கவாட்டில் பென்டிரைவ் குத்துகிற துளை திறந்தே இருந்தது, அதற்கும் ஒரு முத்திரை ஒட்ட வேண்டும். மணிக்கூட்டையும் பாருங்கள்.

நிறுவனத்துக்கு இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். மரியாதையாகப் பேசினார்கள், வாடகையில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். நேரத்தைப் பதிகிறதை எடுத்துவிட்டோம், அச்சு இயந்திரம் சேர்த்த தொகுதி ஒன்று செய்துகொண்டிருக்கிறோம், முடிந்ததும் கொண்டுவந்து காட்டுகிறோம் என்றார்கள். வந்தால் எங்கள் மண்டபத்திலேயே ஐம்பது பேரை வைத்துப் போட்டுப் பார்ப்பேன், சீட்டை என் கையால் எண்ணுவேன். கணக்கு ஒத்துவந்தால் நட்சத்திரத்தைக் கூட்டி இங்கேயே எழுதுகிறேன்.